சுணங்கிப் போன சாட்சியம்

புதிய நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்களான உங்களோடு பேச என்னை இங்கே அழைத்த அதிகாரி, "பிள்ளையள் வேலைக்குப் புதுசு, உற்சாகமாய் ஏதும் சொல்லுங்கோ" என்றார். சொல்லலாம். இருபத்தாறு வருடம் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்தவனிடம் சிரிப்புக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இளைப்பாறிய பிறகும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்ட வழக்கு ஒன்றுதான். அதை மறைத்து வைத்துக்கொண்டு மற்றதைச் சொன்னால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். உற்சாகத்தை வேறு யாராவது தரட்டும்.

நான் வடமராட்சிக்காரன். அப்பா குருநாகலில் புகையிரத நிலையத்தில் வேலை பார்த்ததால் சிங்களம் சின்ன வயதிலேயே நாவில் ஏறிவிட்டது. அதை வைத்துத்தான் இந்த வேலையும் கிடைத்தது. சப்ரகமுவவுக்கு மாற்றம் வந்தபோது என் கவலையெல்லாம் சட்டச் சொற்களைப் பற்றித்தான். காணி உறுதிகளில் வருகிற சிங்களச் சொற்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். தமிழைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் தாய்மொழியில் எனக்கு யார் என்ன சொல்லித் தருவது என்ற எண்ணம்.

முதல் மாதத்திலேயே ஒரு தோட்டத் தொழிலாளி கூண்டில் நின்று, "காலையில மலைக்குப் போனேனுங்க" என்றார். மலை ஏறியதாகச் சிங்களத்தில் சொன்னேன். மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே மலை என்றால் கொழுந்து பறிக்கிற தேயிலைக் காடு. இன்னொருவர், "அன்னைக்கு அரைப்பேருங்க" என்றார். பாதிப் பெயர் என்று நான் மொழிபெயர்க்க, "மற்றப் பாதி எங்கே?" என்று நீதிபதியே கேட்டார். அரைநாள் வேலைக்குத்தான் அங்கே அரைப்பேர் என்று சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. நான் பிழை விட்டால் மன்றம் பிடித்துவிடும் என்று நம்பிவிட்டேன். பொருந்தாத பிழையை எவரும் பிடிப்பார்கள். பொருந்திப் போகிற பிழையை ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். இது எனக்கு விளங்க இன்னும் பதினொரு வருடம் எடுத்தது.

வழக்கைச் சொல்கிறேன். கொடகவெலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற பெண் ஒருவர். புஷ்பராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. அவர்களுடைய மூத்த பிள்ளை தர்ஷினி, பால் குடிக்கிற வயதில் எல்லாப் பிள்ளைகளையும் போல தடுப்பூசி போட்டுக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடத்தில், மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் நடக்கும். அங்கே போட்ட ஊசி. மூன்றாம் நாள் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கழுத்தை நிமிர்த்தவில்லை, எழும்பி இருக்கவில்லை, பேசவில்லை.

நான் ஊசியைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள். என் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு ஊசியும் தவறாமல் போட்டிருக்கிறோம். எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றுகிற மருந்து எப்போதாவது ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்த ஒரு பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. சில நாடுகளில் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதாம். யாருடைய பிழை என்று கேட்காமலே அரசாங்கம் நட்டஈடு கொடுக்குமாம். புஷ்பராணிக்கு அப்படியொரு கதவு திறந்திருக்கவில்லை. வழக்குப் போட வேண்டும், ஊசியால்தான் வந்தது என்று காட்ட வேண்டும், இன்னாருடைய கவலையீனம், அதாவது கவனக்குறைவு, என்றும் காட்ட வேண்டும்.

இலவசமாக வழக்குப் பேச முன்வந்த ஒரு சட்டத்தரணி, சிங்களப் பெண்மணி, காலக்கெடு முடிய இருந்த கடைசிக் கிழமையில் வழக்கைத் தாக்கல் செய்தார். முதல் நாள் அவர் மன்றத்தில் பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இந்தப் பிள்ளை ஊசி போட்டது தனக்காக மட்டுமல்ல. அந்த லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வராமல் இருக்கவும்தான். எல்லோருக்குமாகப் போட்ட ஊசியில் வந்த இழப்பை இவள் மட்டும் சுமக்க வேண்டுமா?"

புஷ்பராணி சாட்சி சொன்ன நாளில் தர்ஷினிக்கு மூன்று வயது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில், மன்றத்துக்கு வெளியே வாங்கில் படுத்திருந்தாள். புஷ்பராணிக்குச் சிங்களம் தெரியும். கடைக்குப் போக, பஸ்ஸில் பேச, ஆஸ்பத்திரியில் கேட்கப் போதுமான சிங்களம். ஆனால் சட்டத்தரணி, "முக்கியமான சாட்சி, தாய்மொழியிலேயே சொல்லட்டும்" என்று என்னைக் கேட்டு வாங்கினார். அந்தச் சட்டத்தரணி அம்மா செய்த ஒரே தவறு அதுதான் என்று நினைக்கிறேன். என்னை நம்பியது.

சட்டத்தரணி கேட்டார்: "ஊசி போட்ட அன்று என்ன நடந்தது?"

புஷ்பராணி சொன்னார்: "ஊசி போட்டு வந்ததும் புள்ள சொணங்கிருச்சுங்க. தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போனேன். மிஸ்ஸி பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

மிஸ்ஸி என்றால் ஊசி போட்ட மருத்துவமாது. அது எனக்குத் தெரியும். சுணங்குவதும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் "சுணங்காமல் வா" என்றால் நேரம் கடத்தாமல் வா. "சுணங்கிப் போச்சு" என்றால் நேரம் பிந்திவிட்டது. பிள்ளை எப்படிப் பிந்தும் என்று அரைக் கணம் நெருடியது. சொற்களைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பார்த்தேன். பொருந்திவிட்டது. சிங்களத்தில் இப்படிச் சொன்னேன்: "ஊசி போட்டு முடிய நேரம் பிந்திவிட்டது. மருத்துவமாது பிள்ளையைப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். தூக்கிக்கொண்டு திரும்பிப் போனேன்."

தட்டச்சுக்காரர் அடித்தார். அது வழக்கேட்டில் ஏறிவிட்டது.

சட்டத்தரணியின் முகம் சுருங்கியது. "அன்று பிள்ளையிடம் வேறு ஏதும் மாற்றம் தெரிந்ததா?" என்று கேட்டார். அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். சாட்சியின் வாயில் சொல்லை வைக்க வேண்டாம் என்று நீதிபதி சொன்னார். புஷ்பராணி, "அதான் சொன்னேனுங்களே, சொணங்கிருச்சுன்னு" என்றார். நேரம் பிந்தியதைத்தான் சொன்னதாக நான் சொன்னேன். எப்போது நோய் தெரிந்தது என்று கேட்டதற்கு, "மூணாம் நாளு வலிப்பு வந்துச்சுங்க" என்றார். அதை மட்டும் சரியாகச் சொன்னேன்.

பிறகு குறுக்கு விசாரணை. மதிய இடைவேளைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நீதிபதி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். அரச தரப்புச் சட்டத்தரணி நல்ல மனிதர், தன் வேலையைச் செய்தார். ஏட்டில் இருப்பதை வைத்துத்தானே அவரும் கேட்க முடியும்? "நேரம் பிந்தியதால்தான் கிளினிக்கில் இருக்கச் சொன்ன நேரம் வரை இருக்காமல் பிள்ளையைக் கொண்டு போய்விட்டீர்கள், அப்படித்தானே?"

நேரம் பிந்துவதற்கு அவர் சொன்ன சிங்களச் சொல் 'பரக்கு'. நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்கு முன்னமே புஷ்பராணி அதைப் பிடித்துவிட்டார்.

"பரக்கு இல்லைங்க! நான் பரக்குன்னு சொல்லலைங்க. புள்ள…"

"என்ன சொல்கிறாள்?" என்றார் நீதிபதி.

இந்த இடத்தில் நான் நிற்க வேண்டியிருந்தது. கையை உயர்த்தி, "ஐயா, சாட்சி சொன்ன ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை, கேட்க அனுமதி வேண்டும்" என்றால் போதும். நீதிபதி முறைத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான். கொழுந்து பறிக்கிற ஒரு பெண் நிறைந்த மன்றத்தில் என் சிங்களத்தைத் திருத்துகிறாள் என்ற கோபம்.

"அதே பதில்தான், ஐயா" என்றேன். அவர் பக்கம் திரும்பி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றேன். தோட்டத்துச் சாட்சிகளோடு நான் அப்படித்தான் பேசுவேன் அப்போது.

அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் "ஆமாங்க", "இல்லைங்க" என்றுதான் பதில் வந்தது.

அடுத்த தவணையில் ஆஸ்பத்திரியிலிருந்து விசேட வைத்தியர் வந்து சாட்சி சொன்னார். நிதானமாக, யாருக்கும் சார்பில்லாமல் பேசினார். ஊசி போட்ட அன்றே பிள்ளை சோர்ந்து, பால் குடிக்காமல், தலை தொங்கிப் போயிருந்தால் ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று தான் கருதுவேன் என்றார். அன்றே திரும்பக் கொண்டுவந்து காட்டியும் அனுப்பியிருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம் என்றார். ஆனால் மூன்றாம் நாள் வந்த வலிப்பு மட்டும் என்றால், அந்த நாட்களில் அங்கே பரவியிருந்த காய்ச்சலாலும் வந்திருக்கலாம், தன்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

நான் என் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம், அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்த மனுசி சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

வழக்குத் தாளைப் புரட்டிப் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே கண்டிருப்பேன். பிள்ளை அன்றே சோர்ந்தது, தாய் அன்றே திரும்பக் கொண்டுபோய்க் காட்டினாள், அனுப்பிவிட்டார்கள். சட்டத்தரணியின் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் சரியாகவே எழுதி வைத்திருந்தார். ஆனால் தாளில் இருப்பது சாட்சியம் ஆகாது, கூண்டில் சொல்வதுதான் சாட்சியம். அதை வாசிப்பது என் வேலையில்லை என்று நான் நினைத்திருந்தேன். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிற அம்மா இன்னொரு சாட்சியாக வந்திருக்கலாம். அவர் தோட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர், வரவில்லை.

ஏழெட்டு மாதம் போனது. இரு தரப்பும் வாதாடி முடித்து, வழக்கைத் தீர்ப்புக்காக வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் பக்கத்து நீதவான் மன்றத்து உரைபெயர்ப்பாளர் லீவில் போனதால் என்னை அங்கே அனுப்பினார்கள். அயல் வீட்டுக்காரர்களின் சண்டை. கோழிக்கு நஞ்சு வைத்ததாக முறைப்பாடு. தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சாட்சி சொன்னார்.

"கோழி ரெண்டு நாளா சொணங்கிக்கிட்டே கெடந்துச்சுங்க. மூணாம் நாளு செத்துப் போச்சு."

பரக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். கோழி எங்கே போகப் பிந்தும்? திறந்த வாயோடு நின்றேன். பிறகு கேட்டேன்: "ஐயா, சுணங்கிறது எண்டால் என்ன?"

அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். கழுத்தைத் தளரவிட்டுத் தலையைத் தோளில் சாய்த்து, கண்ணைப் பாதி மூடினார். "இப்புடி இருந்துச்சுங்க. தீனி எடுக்காம, தல தொங்கிப் போயி."

மன்றம் சிரித்தது. நீதவானும் சிரித்தார். நான் அதைச் சரியாக மொழிபெயர்த்தேன். ஒரு கோழியின் நோயை ஒரு சொல் பிசகாமல் சிங்களத்தில் சொன்னேன்.

அந்த வழக்கு முடிந்ததும் எங்கள் மன்றத்துப் பதிவாளரிடம் போனேன். அந்த ஊரில் எனக்கு வீடு பார்த்துத் தந்தவர், என் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வரை வந்தவர். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தீர்ப்பு இன்னும் வரவில்லை" என்றார். "ஒருவேளை அவள் வெல்லலாம். வென்றால் நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை."

"தோற்றால்?"

"ஒரு சொல் பிழை என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு சொல்லோடு நிற்குமா? இத்தனை வருடம் நீங்கள் மொழிபெயர்த்த ஒவ்வொரு தோட்டத்துச் சாட்சியையும் கிளறுவார்கள். மறியலில் அடைபட்டிருக்கிறவர்களும் வருவார்கள். யோசித்துச் செய்யுங்கள்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு என்னை வேறு ஒரு குழியில் தள்ளியது. அதுவரை நான் ஒரு சொல்லைப் பற்றித்தான் நினைத்திருந்தேன். எத்தனை பேருடைய எத்தனை சொல்லை நான் இப்படி இடம் மாற்றிப் பொருத்தியிருப்பேன்? சிரிப்பு வராத இடங்களில் எல்லாம் சரியாகச் சொன்னேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அறிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

நீதிபதிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தீர்ப்பு ஒரு தரம் தள்ளிப் போனது, இன்னொரு தரமும் தள்ளிப் போனது. ஒவ்வொரு தரமும் எனக்கு ஆறுதலாக இருந்தது. தள்ளிப் போகிற ஒவ்வொரு நாளும் கடிதத்தைக் கொடுக்கக் கிடைத்த நாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கொடுக்காமல் இருக்கக் கிடைத்த நாளாகவே தோன்றியது.

தீர்ப்பு நாளில் புஷ்பராணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். நீதிபதி சிங்களத்தில் வாசித்தார். வழக்கு தள்ளுபடி. "வாதியின் தாய்க்கு முடிவைத் தமிழில் விளக்குங்கள்" என்று என்னிடம் சொன்னார்.

நான் விளக்கினேன். ஊசி போட்ட அன்றே மருத்துவமாது பிள்ளையைப் பார்த்துக் குறை ஏதும் இல்லை என்று சொன்னதாகத் தாயே சாட்சி சொல்லியிருக்கிறார், அன்று நேரம் பிந்தியதைத் தவிர வேறு எதையும் தாய் முறையிடவில்லை, ஆகவே ஊசியால் வந்த பாதிப்பு என்றும் கவலையீனம் என்றும் நிரூபிக்கப்படவில்லை. என் வாயிலிருந்து போன பொய், ஏட்டில் ஏறி, தீர்ப்பாகித் திரும்ப என் வாய்க்கே வந்தது. அதை நானே அந்தத் தாயிடம் கொடுத்தேன்.

அவர் அழவில்லை. பிள்ளையின் வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "அவ்வளவுதானுங்களா?" என்றார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க இரண்டு கிழமைதான், பதினாலு நாள்தான், தவணை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சுகவீன லீவு போட்டு ஊருக்குப் போனேன். உண்மையிலேயே இரத்த அழுத்தம் கூடியிருந்தது, வைத்தியர் தாளும் தந்தார். நாற்பத்துச் சொச்சம் நாள் கழித்து வந்துதான் சட்டத்தரணியின் அலுவலகப் படியேறினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பையிலிருந்த கடிதத்தையும் வாசித்தார். பிறகு அதையே திரும்ப முதலிலிருந்து வாசித்தார். அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"தீர்ப்புக்கு முதல் வந்திருந்தால் தாயைத் திரும்பக் கூண்டில் ஏற்றக் கேட்டிருப்பேன்" என்றார். "இரண்டு கிழமைக்குள் வந்திருந்தால் மேன்முறையீடு. இப்போது இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

ஆனாலும் செய்தார். நான் சத்தியக்கடதாசி கொடுத்தேன். கொழும்பில் மேல் மன்றத்தில் மீளாய்வு மனுப் போட்டார். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் நிராகரித்துவிட்டார்கள். ஏட்டில் தானே உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பை உரைபெயர்ப்பாளர் இவ்வளவு காலம் கழித்து மறுப்பதை ஏற்க முடியாது, இந்தத் தாமதத்துக்குப் போதிய காரணமும் காட்டப்படவில்லை என்றார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

எனக்கு என்ன நடந்தது என்று நீங்கள் யோசிப்பீர்கள். ஒரு விசாரணை வைத்தார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் மாலை போட்டு, புகைப்படம் எடுத்து, முழு ஓய்வூதியத்தோடு அனுப்பினார்கள்.

இளைப்பாறி இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அதுவரை நேரே முகம் பார்க்கத் துணிவு வரவில்லை. புஷ்பராணி லயத்து வாசலில் விறகு முறித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாயில் தர்ஷினி. கைகால் நீண்டு வளர்ந்திருந்தாள். தொட்டிலில் இன்னொரு குழந்தை.

"என்னைத் தெரியுதோ?" என்றேன்.

"கோர்ட்டு ஐயா" என்றார். உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார்.

நான் வழியெல்லாம் பாடமாக்கி வந்ததைத் தொடங்கினேன். "அண்டைக்கு நீங்கள் சொன்ன ஒரு சொல்லை நான்…"

"தெரியுங்க" என்றார். "அன்னைக்கே தெரியும். நீங்க பரக்குன்னு சொன்னது காதுல விழுந்துச்சு."

"அப்ப ஏன் உங்கட லோயரிட்டச் சொல்லேல்லை?"

"சொன்னேனுங்க. வெளியில வந்து எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன். அவரு படிச்சவரு, அதுக்குன்னே கவர்மெண்டு வச்சிருக்கிற ஆளு, தப்பா சொல்லமாட்டாருன்னாங்க. நீதான் பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டன்னாங்க." தர்ஷினியைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டே, "அந்த லோயரம்மாவும் பின்னால வந்து அழுதாங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டார் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்.

"நாளைக்கு சின்னவளுக்கு ஊசி நாளுங்க. போடலாங்களா?"

"போடத்தான் வேணும்" என்றேன். "நான் டொக்டர் இல்லை. ஆனால் மூத்தவளுக்கு வந்ததை முதலே சொல்லுங்கோ. சொல்லிப்போட்டுப் போடுங்கோ."

"போடத்தாங்க போறேன். லயத்துல மத்தப் புள்ளைக எல்லாம் இருக்கே. எம் புள்ளையால அதுகளுக்கு ஒண்ணு வந்துறக் கூடாதுல்ல?" தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னார். "ஆனா ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் எந்தப் பாஷையில சொல்றதுங்க?"

இந்தக் கேள்விக்கு உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். கடைசியில் அவரே சொன்னார்: "நாளைக்கு வந்து பக்கத்துல இருங்க. நான் சொல்றத எழுதிக்கங்க. நான் சொல்ற மாதிரியே எழுதுங்க. மாத்தாதீங்க."

மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். புது மருத்துவமாது, சின்ன வயது, அன்பான பிள்ளை. தர்ஷினியை விட்டுவர ஆளில்லாமல் புஷ்பராணி அவளையும் இடுப்பில் தூக்கி வந்து பாயில் கிடத்தியிருந்தார். மருத்துவமாது பார்த்துவிட்டு, "ஐயோ, இவளுக்கு என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். புஷ்பராணி என் பக்கம் திரும்பவேயில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில், முறிந்த முறிந்த சொற்களில், முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் தானே சொன்னார். அந்த மருத்துவமாதுப் பிள்ளை கேட்டது. சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்துப் பேசியது. அவர் வந்து குழந்தையைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஊசி போட்டார்கள். இருபது நிமிடம் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இருபது நிமிடம் முடிந்தது. மற்றத் தாய்மார் போய்விட்டார்கள். புஷ்பராணி அசையவில்லை. குழந்தை தூங்கும்போதெல்லாம் அதன் உள்ளங்காலை நகத்தால் சுரண்டி எழுப்புவார். அது வீரிட்டு அழும். அழுததும் விடுவார். திரும்பத் தூங்கும், திரும்பச் சுரண்டுவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மருத்துவமாது பெட்டியை மூடிவிட்டுக் கையில் பூட்டுத் திறப்போடு, அவசரப்படுத்தாமல், வாசலில் நின்றது. அந்தத் தாளில் கடைசியாக எழுதியது இது:

பன்னெண்டு பத்து. தூங்குது. எழுப்புனேன். அழுவுது.